நலவாரிய அட்டை: 90 நாள் வேலை செய்ததற்கு யாரிடம் சான்று வாங்குவது?

சித்தாள் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா 27 வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறார். வயது 58. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் உறுப்பினர். நான் பிளஸ் டூ படித்தபோது கல்வி உதவித்தொகை வந்ததும் அந்த அட்டையால்தான். அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. போன வாரம் அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தகவலைக் காட்டினார். புதிய தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, பழைய அட்டை எதுவும் செல்லாது, எல்லோரும் புதிதாகப் பதிய வேண்டும், ஆளுக்கு 500 ரூபாய் கொண்டுவாருங்கள் என்று அதில் இருந்தது. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

புதுப்பிக்கப் போனால் மூன்று இடத்தில் தடை.

முதலாவது, ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இப்போது எங்களிடம் இல்லை. ஓடிபி யாருக்கோ போகிறது. எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போனோம். அம்மாவின் கைரேகை விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். துணியை ஈரம் செய்து துடைத்து மறுபடி வைத்தார்கள். சிமென்ட் தின்ற விரல் அது. விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது, கட்டை விரலில் மட்டும் நீளமாக இரண்டு வெடிப்பு. அந்தப் பெண் ஊழியர் நல்லவர், நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்கு வருவது என்றால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும்.

இரண்டாவது, ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று போட்டிருக்கிறார்கள். வருடமும் தவறு. அதன்படி அம்மாவுக்கு 59 முடியப்போகிறது.

மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. பணிச்சான்று. கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்தார் என்று யாராவது எழுதித் தர வேண்டும். அம்மா ஒரு வருடத்தில் ஏழெட்டு மேஸ்திரியிடம் வேலை செய்திருக்கிறார். சிலருடைய முழுப்பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்காரர்களோ, நாங்கள் மேஸ்திரிக்குத்தான் பணம் கொடுத்தோம், உங்கள் அம்மாவை எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். 90 நாள் இல்லை, 200 நாளுக்கு மேல் ஜல்லிச் சட்டி தூக்கியவர் அம்மா. அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

விதி உண்மையிலேயே மாறியிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சங்கத்துக்காரர்:

வணக்கம் சகோதரி. 31 வருடமாகக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறேன். முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த வாட்ஸ்அப் தகவல் பொய். காசு பறிக்கிற வேலை. நலவாரியத்தில் பதிவும் இலவசம், புதுப்பித்தலும் இலவசம். எவன் 500 கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மாறியது என்ன, மாறாதது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 21.11.2025 அன்று நடைமுறைக்கு வந்தன. அது உண்மை. 1996-இல் வந்த மத்திய கட்டடத் தொழிலாளர் சட்டமும், அதோடு வந்த, கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் தீர்வைச் சட்டமும் இந்தத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. அதைப் பார்த்துத்தான் பழைய அட்டை செல்லாது என்று கதை கட்டுகிறார்கள். ஆனால் பதிவுக்கான அடிப்படைத் தகுதி, அந்த நான்கில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதேதான்: 18 வயது முடிந்திருக்க வேண்டும், 60 ஆகியிருக்கக் கூடாது, முந்தைய 12 மாதத்தில் 90 நாளுக்குக் குறையாமல் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் நடந்தவை புதியதற்கு முரணாக இல்லாதவரை செல்லும் என்று தொகுப்பிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. நம் வாரியம் மத்திய சட்டத்துக்கு முன்பே பிறந்தது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-இல் அமைந்தது. ரத்தான மத்திய சட்டங்களின் பட்டியலில் அந்த மாநிலச் சட்டம் இல்லை. ஆகவே ஒரே இரவில் அட்டை காகிதமாகிவிட்டது என்பதற்கு அடிப்படையே கிடையாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கு 58. இந்த இரண்டு வருடம்தான் முக்கியமான வருடங்கள். 1996 சட்டத்தின் 14-ஆவது பிரிவில், 60 வயதுக்கு நேர் முன்னால் மூன்று வருடமாவது தொடர்ந்து பயனாளியாக இருந்தவருக்குத்தான் 60-க்குப் பிறகும் பலன் என்று வைத்திருந்தார்கள். 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். 25 வருடம் உறுப்பினராக இருந்துவிட்டு 58-இல் புதுப்பிக்க மறந்து, ஓய்வூதியத்துக்கு அலைந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பெரியவர் சங்க அலுவலகப் படியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். இடைவெளி விழவே கூடாது.

---

இ-சேவை தம்பி:

அக்கா, நான் ஒரு கணினி மையத்தில் வேலை செய்கிறேன். தினமும் பத்துப் பேராவது இதற்காக வருகிறார்கள்.

கைரேகை விழவில்லை என்றால் கண் கருவிழிப் பதிவு வைத்து அடையாளம் பார்க்கச் சொல்லுங்கள். ஆதார் மையத்தில் அதற்குக் கருவி இருக்கிறது. கேட்டால்தான் எடுப்பார்கள். சிமென்ட் வேலை, சலவை வேலை, பாத்திரம் தேய்க்கும் வேலை செய்பவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். எண்ணை மாற்றும்போது உங்கள் எண்ணைப் போடாதீர்கள், அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கி அதைப் போடுங்கள். பிள்ளைகள் எண்ணைக் கொடுத்துவிட்டு, பிள்ளை வெளியூர் போனதும் ஓடிபிக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர்.

பிறந்த தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ ஏதாவது உறுதியான ஆவணத்தைத் தேடி எடுத்த பிறகு போங்கள். தவறாகத் திருத்திவிட்டால் மறுபடி மாற்றுவது பெரிய பாடு.

அப்புறம், இ-ஷ்ரம் அட்டை வைத்திருப்பவர்கள் பலர் அதுதான் நலவாரிய அட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு. இ-ஷ்ரம் என்பது 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பதிவேடு, 12 இலக்க எண் கொடுப்பார்கள். அது இருப்பதால் மட்டும் நலவாரிய உதவி எதுவும் வராது. போன மாதம் ஒரு அண்ணன், மகள் திருமண உதவிக்கு விண்ணப்பிக்க இ-ஷ்ரம் அட்டையை லேமினேட் செய்து கொண்டுவந்தார். வாரியத்தில் அவர் பதியவே இல்லை. எனக்கு அன்று முழுவதும் மனசே சரியில்லை.

---

சித்தாள் மகள்:

தம்பி, கருவிழி விஷயம் எங்களிடம் யாருமே சொல்லவில்லை. மிக்க நன்றி. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், பள்ளியில் பதிவேடு இருக்கிறதா என்று கேட்கிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன 'தொடர்ந்து' என்ற சொல்லை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆனால் பணிச்சான்று அப்படியேதான் நிற்கிறது. சங்கத்தில் கையெழுத்து வாங்கலாம் என்கிறார்கள். அம்மா எந்தச் சங்கத்திலும் இல்லை.

---

மேஸ்திரி, திருப்பத்தூர்:

நான் மேஸ்திரி. என் பக்கத்தையும் சொல்கிறேன்.

என்னிடம் நிரந்தரமாக ஆறு பேர். கான்கிரீட் போடும் நாளில் மட்டும் இருபது பேர் தேவைப்படும். காலை ஆறு மணிக்கு ஆட்கள் நிற்கும் முக்குக்குப் போய் அழைத்து வருவேன். மாலை கூலி கொடுத்து அனுப்புவேன். அவர்கள் பெயர் என் நோட்டில் 'சித்தாள் 8' என்றுதான் இருக்கும். அவர்களில் ஒருவர் எட்டு மாதம் கழித்து வந்து 90 நாளுக்கு எழுதிக்கொடு என்றால், மூன்று நாள் பார்த்தவருக்கு நான் எப்படி 90 என்று எழுதுவது? நாளைக்கு விசாரணை வந்தால் பொய்ச் சான்று கொடுத்தவன் நான்தான். அந்தப் பயம் எல்லா மேஸ்திரிக்கும் இருக்கிறது.

ஆனால் உங்கள் பதிவைப் படித்ததும் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கொத்தனார் பெயர் எல்லாம் பெயராக இருக்கிறது. பெண்கள் மட்டும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். பதினைந்து வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன். அது தப்புதான்.

---

பெயிண்டர் அண்ணன்:

மேஸ்திரி அண்ணே, இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி.

---

சைட் இன்ஜினியர்:

ஒரு தகவல். பழைய 1996 சட்டத்தின் 13-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். வாரியம் கொடுக்கும் அடையாள அட்டையில், அந்தத் தொழிலாளி செய்த வேலையின் விவரத்தை எழுதப் போதுமான இடம் இருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அந்த விவரத்தை அட்டையில் எழுதி, கையெழுத்திட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டும். இது வேலை கொடுப்பவரின் கடமையாகவே எழுதப்பட்டிருந்தது. தொழிலாளி போய்க் கெஞ்ச வேண்டிய சலுகையாக இல்லை.

19 வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு அட்டையில்கூட அப்படி எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

---

சித்தாள் மகள்:

சார், இதைப் படித்ததும் அம்மாவின் பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். பீரோவில் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது. சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். முன்பக்கத்தில் அம்மாவின் புகைப்படம், அப்போது முடி முழுக்கக் கறுப்பு. உள்ளே கட்டம் போட்ட பக்கங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தில்கூட எதுவும் எழுதவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பக்கங்கள் எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. அம்மா அதில் பால் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்.

---

சங்கத்துக்காரர்:

இன்ஜினியர் சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம்.

பணம் எப்படி வசூலாகிறது என்று பாருங்கள். கட்டட வரைபட அனுமதி வாங்கும்போதே, மதிப்பீட்டுச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நல நிதியாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால்தான் அனுமதி. 60 லட்சம் ரூபாய் வீடு என்றால் 60,000 ரூபாய். கட்டடம் எழும்பும் முன்பே பணம் வந்துவிடுகிறது. எந்தத் தெரு, யார் உரிமையாளர், எத்தனை சதுர அடி என்று எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் யார் வேலை செய்தார்கள் என்பது மட்டும் இல்லை. யாருக்காக அந்தப் பணம் வசூலானதோ அவர்களுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. அனுமதி எண்ணோடு வேலையாள் பதிவேட்டைச் சேர்க்க வேண்டும். கட்டட நிறைவுச் சான்று கேட்டு வரும்போது, இந்த எண்ணில் இத்தனை பேர் இத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்கட்டும். தொழிலாளி தன் அட்டை எண்ணைச் சொன்னால் நாள் கணக்கு தானாக ஏறட்டும். பணம் கட்டியவரிடம்தான் பெயரும் கேட்க வேண்டும். பெயருக்காகச் சித்தாளை அலையவிடுவது அநியாயம்.

---

சைட் இன்ஜினியர்:

ஐயா, கோரிக்கையை ஏற்கிறேன், ஆனால் ஓட்டை எங்கே என்றும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவன சைட்டில் வருகைப் பதிவேடு இருக்கிறது, வாசலில் முகம் பார்த்துப் பதிகிற கருவிகூட இருக்கிறது. சித்தாள் மகள் சொல்கிற மாதிரித் தனி வீட்டு வேலைதான் சிக்கல். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கு விலக்கு வரம்பு 50 லட்சம் ரூபாய் ஆகிவிட்டது. பழைய சட்டத்தில் அது 10 லட்சம். அதாவது 50 லட்சம் வரைக்குமான சொந்த வீடு, மத்தியத் தொகுப்பின்படி 'கட்டட வேலை' என்ற வரையறைக்குள்ளேயே வராது. நம் ஊரில் சித்தாள்கள் அதிகம் வேலை செய்வது அந்த மாதிரி வீடுகளில்தானே?

நீங்கள் கேட்ட பதிவேடு வந்தாலும் அந்த வீடுகள் வெளியே நின்றுவிடும் என்பதுதான் என் கவலை. தீர்வை வருமானமும் குறையும். அட்டை செல்லாது என்ற வதந்தியை விட இந்த மாற்றத்தைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

---

சங்கத்துக்காரர்:

மறுக்க முடியாத விஷயம். சங்கங்கள் எதிர்ப்பதும் இதைத்தான். தொகுப்பில் தீர்வை 1 சதவீதத்துக்குக் குறையாமல் 2 சதவீதம் வரை போகலாம் என்று இருக்கிறது. ஆனால் வரம்பை ஐந்து மடங்கு உயர்த்திவிட்டு விகிதத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? மாநில அரசு தன்னுடைய 1982 சட்டத்தை வைத்து இந்த வீடுகளில் வேலை செய்பவர்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

ஓசூர் கம்பிக்காரர்:

கம்பி கட்டும் வேலை செய்கிறேன். பெங்களூரு பக்கம் ஆறு மாதம், ஓசூரில் ஆறு மாதம். அங்கே செய்த நாள் இங்கே கணக்கில் வருமா? போன வருடம் சாரத்திலிருந்து விழுந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தேன். அந்த வருடம் 90 நாள் தேறுமோ தேறாதோ.

---

சங்கத்துக்காரர்:

தம்பி, உடம்பு இப்போது தேவலையா?

வேலையில் நடந்த விபத்தால் படுத்த நாட்களை 90 நாள் கணக்கில் எடுக்கும்போது விலக்கிவிட வேண்டும் என்று 1996 சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே இருந்தது. மருத்துவமனை வெளியேற்றச் சீட்டு, விபத்து பற்றிய காகிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வேறு மாநிலத்துக்குப் போய் வேலை செய்பவர் அங்குள்ள கட்டடத் தொழிலாளர் நிதியிலிருந்து பலன் பெறலாம் என்று புதிய தொகுப்புகளில் இருக்கிறது. இங்கே எந்த நாட்களைக் கணக்கில் எடுப்பார்கள் என்று உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி வந்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ஒன்று: தமிழ்நாட்டில் கட்டடம் கட்டும் இடத்தில் விபத்தில் இறந்தவர் வாரியத்தில் பதியாதவராக இருந்தாலும் குடும்பத்துக்கு நிதி உதவி உண்டு. அட்டை இல்லை என்று அழுதுகொண்டு வீட்டோடு இருந்துவிடாதீர்கள், விண்ணப்பியுங்கள்.

---

சித்தாள் அக்கா:

இந்த மாதிரி இடத்தில் எழுதிப் பழக்கம் இல்லை. பையன் டைப் செய்கிறான், நான் சொல்கிறேன்.

எனக்கு ஒரு வருடம் அட்டை நின்றுபோனது. கையெழுத்துக்கு மூன்று பேரிடம் போனேன். ஒருவர் காசு கேட்டார். ஒருவர் கேட்டது காசு இல்லை, அதை இங்கே எழுத மாட்டேன். அதன் பிறகு யாரிடமும் போகவில்லை. புருஷன் துணைக்கு வந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். புருஷன் இல்லாதவள் நான்.

சான்று ஒரு ஆள் கையில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். கடைசியில் தாலுகா பக்கம் ஒரு சங்கத்தில் ஒரு அம்மா இருந்தார், அவர்தான் என் கூடவே வந்து முடித்துக் கொடுத்தார். தங்கச்சி, உங்கள் அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள்.

---

சித்தாள் மகள்:

அக்கா, இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். எழுதியதற்கு நன்றி. அம்மாவை நான் தனியாக அனுப்ப மாட்டேன்.

---

மேஸ்திரி, திருப்பத்தூர்:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நான் ஒன்று செய்திருக்கிறேன். புது நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரி போட்டேன். பெயர், அட்டை எண், தேதி, எந்த இடம். பெண்களுக்கும் பெயர். சனிக்கிழமை பட்டுவாடா செய்யும்போது அவர்கள் வைத்திருக்கும் சின்ன நோட்டிலும் என் கையெழுத்து. மூன்று நாள் என்றால் மூன்று நாள் என்றே போடுகிறேன். அதில் பொய் இல்லை, எனக்குப் பயமும் இல்லை. ஏழு மேஸ்திரி இப்படிப் போட்டுக்கொடுத்தால் கூட்டிப் பார்க்க 90 வந்துவிடும்.

---

சங்கத்துக்காரர்:

மேஸ்திரி தம்பி, இதை உங்கள் ஊர் மேஸ்திரிகள் எல்லோரிடமும் சொல்லுங்கள். அந்த நோட்டை மட்டும் காட்டினால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், பணிச்சான்று என்ற தாள் தனியாக வேண்டும். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த நோட்டு தைரியம் கொடுக்கும். சித்தாள் மகள், அம்மா ஊர் எந்தத் தாலுகா என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் எங்கள் தோழர்களில் ஒரு பெண்ணை அனுப்புகிறேன்.

---

சித்தாள் மகள்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கருவிழிப் பதிவு வைத்து ஆதாரில் எண் மாறிவிட்டது. அம்மா பெயரில் சிம் வாங்கினோம். முதல் ஓடிபி வந்தபோது அம்மா அதை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். பிறந்த தேதியை இன்னும் தொடவில்லை, பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடித்தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா அனுப்பிய தோழர் வந்து, அம்மா வேலை செய்த நான்கு இடங்களுக்கு எங்களோடு நடந்தே வந்தார். இரண்டு மேஸ்திரிகள் நாள் கணக்கை எழுதிக்கொடுத்தார்கள். விண்ணப்பம் ஏறிவிட்டது, ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. அட்டை வந்ததும் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, தேதி, இடம், மேஸ்திரி, கையெழுத்து என்று கோடு போட்டேன். வேலையிலிருந்து வந்ததும் நோட்டை நீட்டினார். முதல் வரியில் கையெழுத்து இருந்தது. அப்புறம், கூட வேலை செய்கிற இன்னும் நான்கு பேருக்கும் இதே மாதிரிக் கோடு போட்டுத் தரச் சொன்னார். அவர்களில் இரண்டு பேருக்கு எழுதத் தெரியாது, பெயரை நீயே மேலே எழுதிவிடு என்றார். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.